நர்ஸக்காவின் ‘ஆனால்’

நர்ஸக்கா யாரோடும் சட்டென்று ஒத்துப்போனதாக எனக்கு ஞாபகம் இல்லை. யாரோடும் சண்டை போட்டதாகவும் ஞாபகம் இல்லை. இரண்டும் எப்படி ஒரே ஆளிடம் இருக்க முடியும் என்று கேட்கிறவர்கள், திண்டிவனத்தில் எங்கள் மிஷன் ஆஸ்பத்திரியில் அவரோடு ஒரு வாரமாவது வேலை பார்த்திருக்க வேண்டும். “சரிதாங்க, ஆனா...” என்று ஆரம்பிப்பார். அந்த “ஆனா”வுக்குப் பிறகு குரல் ஒரு படி இறங்கிவிடும். என்ன சொல்கிறார் என்று கேட்க எதிராளி முன்னால் குனிந்தாக வேண்டும். குனிந்தவன் பாதி தோற்றவன்தான்.

நான் அங்கே கம்பவுண்டர். கோலியனூர் பக்கம் சொந்த நிலத்தில் உழுது சாப்பிடுகிற குடும்பம் எங்களுடையது. வாய்க்கால் தகராறு வந்தால் மண்வெட்டியைக் கையில் வைத்துக்கொண்டுதான் நியாயம் பேசுவோம். எனக்கும் அதே வாய், அதே கோபம். நர்ஸக்கா கிளியனூருக்கு உள்ளே தள்ளியிருந்த ஒரு சின்ன ஊரின் சேரியிலிருந்து வந்தவர். வேதக்காரக் குடும்பம், கிறிஸ்தவர்கள். அவருடைய அப்பா அந்த ஊர்ப் பெரிய வீட்டில் பண்ணையாள். மிஷன் போர்டிங்கில் தங்கிப் படித்து, நர்ஸ் வேலையும் அங்கேயே கற்றுக்கொண்டு வந்தார். என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவர், அவ்வளவுதான். நான் அவரை “அக்கா” என்று கூப்பிடுவது தெரிந்தால் என் அப்பா விளக்குமாற்றை எடுப்பார் என்று எல்லோரும் பயமுறுத்தினார்கள். தெரிந்தது, எடுத்தார். நான் அக்கா என்று கூப்பிடுவதை நிறுத்தவில்லை.

எங்கள் டாக்டரம்மா இங்கிலாந்துக்காரர். “நாக்கை நீட்டு, வலிக்குதா, மருந்து குடி” என்பதோடு அவருடைய தமிழ் முடிந்துவிடும். மிச்சமெல்லாம் நர்ஸக்கா வாய் வழியாகத்தான் போகும், வரும்.

அந்த டாக்டரம்மா “முடியாது” என்று சொல்லி நான் கேட்டதே கிடையாது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், எவ்வளவு தங்கமான மனுஷி என்று நினைத்திருந்தேன். பொங்கலுக்குக் கூடுதலாக லீவு கேட்டேன். சிரித்த முகத்தோடு, “அயம் அஃப்ரெய்ட் தட் மே பீ ராதர் டிஃபிகல்ட்” என்றார். கொஞ்சம் கஷ்டம்தான், பயமாக இருக்கிறது என்கிறார், பாவம், கஷ்டப்பட்டாவது கொடுத்துவிடுவார் என்று எடுத்துக்கொண்டு மூட்டை கட்டிவிட்டேன்.

“எங்க கிளம்பிட்டீங்க கம்பவுண்டரே?” என்றார் நர்ஸக்கா.

“ஊருக்குத்தான். டாக்டரம்மா சரின்னுட்டாங்க.”

“அவங்க வாயால இன்னா சொன்னாங்க, அப்படியே சொல்லுங்க.”

சொன்னேன். அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார், கண்ணில் தண்ணீர் வரும்வரை.

“இதுக்கு மேல வெள்ளைக்காரங்க இல்லைன்னு சொல்லவே மாட்டாங்க. வயசுப் பொண்ணத் தனியாத் தெருவுல அனுப்புவமா நாம? அவங்க அந்த ‘நோ’வ அப்படித்தான் வெச்சிருக்காங்க. முன்னால ஒருத்தர், பின்னால ஒருத்தர் தொணை இல்லாம வெளிய அனுப்ப மாட்டாங்க. போங்க, மூட்டையப் பிரிங்க.”

அன்றிலிருந்து எனக்கும் அது ஒரு விளையாட்டாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பாதிரியார் துரை டீ குடிக்க வருவார். அவரும் டாக்டரம்மாவும் வராந்தாவில் உட்கார்ந்து பேசுவார்கள். நாங்கள் உள்ளே பஞ்சு உருட்டிக்கொண்டே காது கொடுப்போம். “ஐ ஸீ யுவர் பாயிண்ட், பட்” என்று ஆரம்பித்தால் அக்கா என்னைப் பார்த்து ஒரு விரலை நீட்டுவார், சின்ன மறுப்பு. “அயம் நாட் குவைட் ஷூர்” வந்தால் இரண்டு விரல். யாராவது “பெர்ஹாப்ஸ்” என்று இழுத்தாலோ “ஐ வொண்டர்” என்று கூரையைப் பார்த்தாலோ மூன்றாவது விரலும் எழும். “ரியலி?” என்று கேட்டால் நம்பவில்லை என்று பொருள். “ஹவ் இன்ட்ரஸ்டிங்” வந்துவிட்டால் பேச்சு முடிந்தது, கதவைச் சாத்திவிட்டார்கள்.

ஒரு நாள் ஆஸ்பத்திரிக்குப் புதுக் கிணறா, கோயிலுக்கு மணிக்கூண்டா என்று பேச்சு வந்தது. கோயில் என்றால் மிஷன் கோயில். துரை “வித் ரெஸ்பெக்ட்” என்றார். டாக்டரம்மா “வித் த கிரேட்டஸ்ட் ரெஸ்பெக்ட்” என்றார். அக்கா கையிலிருந்த பஞ்சைக் கீழே வைத்துவிட்டார்.

“ஐயோ, மரியாதை ஏறுது. இன்னைக்கு அடிதடிதான்” என்று என் காதில் சொன்னார்.

எட்டிப் பார்த்தால் இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் பிஸ்கட் தட்டை நகர்த்திக்கொண்டு இருக்கிறார்கள்! அதன் பிறகு துரை ஒரு மாசம் டீ குடிக்க வரவில்லை. கிணறுதான் வெட்டினார்கள்.

இதையெல்லாம் அக்கா சும்மா வேடிக்கையாகப் பார்த்து வைத்திருக்கவில்லை. வேலைக்கு வைத்துக்கொண்டார். மயிலம் ரோட்டுப் பக்கமிருந்து ஒரு தயிர்க்காரம்மா கட்டைவிரல் வீங்கி வந்தாள். கீறிச் சீழ் எடுக்க வேண்டும் என்று டாக்டரம்மா கத்தியை எடுத்ததுதான் தாமதம், “எட்டப் போடி வெள்ளக் கொக்கே! ஒன் கையில புண்ணு வெக்க! ஒங்கொப்பன் வெரல அறு!” என்று வார்டே அதிரக் கத்தினாள்.

டாக்டரம்மா அக்காவைப் பார்த்தார். அக்கா நிதானமாக, “ஷீ வுட் ராதர் நாட், டாக்டர்” என்றார்.

“ஐ குவைட் அண்டர்ஸ்டாண்ட்” என்றார் டாக்டரம்மா.

அக்கா தயிர்க்காரம்மா பக்கம் திரும்பி, “ஒங்க வலி அவங்களுக்கு நல்லாப் புரியுதாம்மா. இந்த வெரலு இல்லன்னா நீங்க எப்படித் தயிர் கடைவீங்கன்னு கவலப்படறாங்க” என்றார். தயிர்க்காரம்மா மூக்கைச் சிந்திக்கொண்டு, “அப்படியா சொல்றா? நல்ல பொம்பளையா இருக்கறாளே” என்று கையை நீட்டிவிட்டாள். எனக்கு மருந்துச் சீட்டு எழுத முடியாமல் சிரிப்பு.

விழுப்புரம் ஜங்ஷனிலும் அப்படித்தான். ஆஸ்பத்திரிக்கு வர வேண்டிய மருந்துப் பெட்டி ரயிலில் வந்து நாளாகியும் பார்சல் ஆபீசில் கொடுக்கவில்லை. நானும் அக்காவும் போனோம். அங்கே இருந்தது ஒரு சட்டைக்காரத் துரை, ஆங்கிலோ இந்தியர், சட்டைப் பொத்தான் வயிற்றில் தெறிக்கிற ஆள். வரவில்லை என்றார். அவர் முதுகுக்குப் பின்னாலேயே எங்கள் பெட்டி சிவப்புச் சிலுவையோடு உட்கார்ந்திருக்கிறது! கண்ணு அவிஞ்சா போச்சு என்று என் வாய் வரைக்கும் வந்துவிட்டது. அக்கா என் காலை மிதித்தார். “யூ ஆர் குவைட் ரைட், சார். பட் ஐ வொண்டர் இஃப் இட் கேம் வென் யூ வேர் பிஸி” என்றார். அவர் திரும்பிப் பார்த்தார். அட, இது எப்போது வந்தது என்று ஆச்சரியப்பட்டு, கூலி வைக்காமல் தானே தூக்கிக் கொடுத்தார்.

திரும்பி வரும்போது எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

“தப்பு அந்தாளு மேல. நீங்க ஏங்க்கா குழையறீங்க?”

“குழையலியே. வரலன்னு அவரு சொன்னாரு, வந்துச்சுன்னு நான் சொன்னேன். சொன்னனா இல்லியா?”

“சொன்னீங்க. ஆனா அதுக்கு இம்மாம் ஜோடனையா?”

அக்கா கையை நீட்டிக் காட்டினார். ரயில் ஜன்னலுக்கு வெளியே மல்லாட்டைக் கொல்லையில் வேர்க்கடலை பிடுங்க ஆட்கள் வரிசையாகக் குந்தியிருந்தார்கள்.

“ஒங்களுக்குப் புரியாது கம்பவுண்டரே. ஒங்க ஊட்ல எல்லாருக்கும் முடியாதுன்னு சொல்ல வாய் இருக்குது. எங்க சேரில பெரிய ஊட்டு ஆண்டகிட்ட சொல்றதுக்கு ஒரே ஒரு வார்த்தைதான். ‘ஆவட்டுங்க.’ நெலம் உழணுமா, ஆவட்டுங்க. கூலி நாளைக்கா, ஆவட்டுங்க. எங்கப்பாவ ஒரு வாட்டி புளியமரத்துல கட்டி வெச்சி, தப்பு செஞ்சியான்னு கேட்டாங்க. செய்யல. அதுக்கும் ஆவட்டுங்கன்னுதான் சொன்னாரு. குடியிருக்கற ஊடும் ஆண்டயோட எடத்துல இருக்குது, வேற இன்னா சொல்வாரு? இங்க வந்துதான் பாத்தேன், இல்லைன்றதுக்கு இத்தினி வார்த்தை வெச்சிருக்காங்க, அடியும் விழாம சொல்றாங்கன்னு. விடுவனா?”

இதில் இன்னொரு சிக்கலும் இருந்தது. சேரி ஜனங்களுக்குப் பிடிக்காத காரியம் என்றால் வாயால் “ஆவட்டுங்க” என்பார்கள். பிறகு வராமல் நின்றுவிடுவார்கள். அவர்கள் மறுக்கிற முறையே அதுதான். டாக்டரம்மாவுக்கு இது பிடிபடவே இல்லை. வெள்ளிக்கிழமை ஆபரேஷனுக்கு வா என்பார். ஆவட்டுங்க என்பான். கத்தியெல்லாம் வெந்நீரில் கொதித்துக்கொண்டிருக்கும், ஆள் வர மாட்டான். “ஒய் டூ தே லை டு மீ?” என்று ஒரு நாள் மேஜையைத் தட்டினார். அக்கா சொன்னார்: “ஹீ செட் யெஸ், டாக்டர். அயம் அஃப்ரெய்ட் ஹீ டிட் நாட் அக்ரீ.” டாக்டரம்மா தட்டிய கையை எடுத்துக்கொண்டார். அதன் பிறகு யாராவது ஆவட்டுங்க என்றால் அக்காவின் முகத்தைப் பார்க்கப் பழகிக்கொண்டார்.

யுத்தம் வந்தது. பெட்ரோல் இல்லை. எங்கள் மோட்டார் வண்டி கொட்டகையில் தூங்கியது. வாரம் ஒரு முறை பாண்டிச்சேரி ரோட்டில் மாட்டு வண்டி கட்டிக்கொண்டு கிளியனூர் போய், சாலையோரத்தில் மருந்துப் பெட்டியைத் திறப்போம். டாக்டரம்மா, அக்கா, நான். அங்கேதான் அந்தப் பெண்ணைப் பார்த்தோம். அக்காவுடைய ஊர்க்காரப் பெண், நிறைமாதம். முதல் பிள்ளை பிறக்க வழியில்லாமல் வயிற்றிலேயே போய்விட்டது. டாக்டரம்மா கை வைத்துப் பார்த்தார், முகம் மாறியது. இடுப்பெலும்பு குறுகல். இந்தப் பிள்ளையும் தானாக வராது, வயிற்றைக் கீறித்தான் எடுக்க வேண்டும். வலி கண்ட பிறகு வண்டி கட்டினால் வழியிலேயே இரண்டு உயிரும் போய்விடும், இப்போதே வந்து ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டும் என்றார்.

புருஷன் கையைக் கட்டிக்கொண்டு கேட்டான். “ஆவட்டுங்க” என்றான்.

நான் அக்காவைப் பார்த்தேன். டாக்டரம்மாவும் பார்த்தார். அக்கா இல்லை என்று தலையாட்டினார்.

அடுத்த வாரம் நாங்கள் அந்த ஊருக்கே போனோம். புருஷன் பெண்ஜாதி இரண்டு பேரும் அக்காவின் அப்பா இருந்த அதே பண்ணையில்தான். மல்லாட்டை பிடுங்குகிற சமயம். ஆண்டை விடாமல் அவர்களால் எங்கேயும் அசைய முடியாது.

பெரிய வீட்டு வாசலில் எனக்கும் டாக்டரம்மாவுக்கும் நாற்காலி போட்டார்கள். அக்கா மாட்டுத் தொட்டி பக்கத்தில் வெயிலில் நின்றார். டாக்டரம்மா இன்னொரு நாற்காலி கேட்டார். “அயம் குவைட் ஆல்ரைட், டாக்டர்” என்று அக்கா தடுத்துவிட்டார். களத்தில் மல்லாட்டைக் கொடி மலையாகக் குவிந்திருந்தது. பெண்கள் குந்திக் காய் ஆய்ந்துகொண்டிருந்தார்கள். அதில் அந்தப் பெண்ணும் ஒருத்தி. குந்த முடியாமல் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். பாதம் இரண்டும் பொதபொதவென்று வீங்கி இருந்தது. கிணற்றடியில் ஆண்கள் நின்றார்கள். துண்டை இடுப்பில் கட்டி நின்ற ஒரு பெரியவரை அக்கா ஒரே ஒரு தரம் பார்த்தார். அவர்தான் அப்பா என்று சொல்லாமலே தெரிந்தது, அதே நெற்றி.

ஆண்டை கெட்ட வார்த்தை பேசுகிற மனுஷர் இல்லை. இளநீர் வெட்டித் தந்தார். யுத்தத்தைப் பற்றி விசாரித்தார். பிறகு அக்காவிடம், “ஒங்க டாக்டரம்மாகிட்ட சொல்லு குட்டி. இது மல்லாட்டை சமயம், ஆளு கெடைக்கறது பேஜாரு. ஒரு எட்டு நாளு பொறுக்கச் சொல்லு. அப்புறம் நானே என் வில்வண்டில கொண்டாந்து எறக்கறேன். அவ இன்னா, உக்காந்த எடத்துல காய் ஆயற வேலதானே பண்ணிக்கினு இருக்கறா” என்றார்.

அக்கா ஒரு சொல் விடாமல் இங்கிலீஷில் சொன்னார். எனக்குத் திக்கென்றது, ஏனென்றால் டாக்டரம்மாவின் முகம் தெளிந்துவிட்டது. அவர் கணக்குப்படி பிரசவத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது போல. ஆண்டையும் இவ்வளவு மரியாதையாகப் பேசுகிறார், வண்டியும் தருகிறேன் என்கிறார். “தட் சவுண்ட்ஸ் பெர்ஃபெக்ட்லி ரீசனபிள்” என்று சிரித்தார். மிகவும் நன்றி என்று சொல்லச் சொன்னார்.

அக்கா அந்த நன்றியைச் சொல்லவில்லை. அந்தப் பெண்ணின் பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“சிஸ்டர்?” என்றார் டாக்டரம்மா.

அக்கா ஆண்டையை நேராகப் பார்த்தார்.

“முடியாதுங்க” என்றார். “அந்தப் பொண்ணு இன்னிக்கே எங்க வண்டில வரணும்.”

சரிதாங்க இல்லை, ஆனா இல்லை. முன்னாலும் துணை இல்லை, பின்னாலும் இல்லை. குரலும் இறங்கவில்லை. களத்தில் காய் ஆய்கிற சத்தம் நின்றது.

ஆண்டை மெதுவாகக் கேட்டார். “இது யாரு சொல்றது? டாக்டரம்மாவா?”

சத்தியமாக, அக்கா தப்பிக்க வழி விட்டுத்தான் அவர் கேட்டார். ஆமாங்க, டாக்டரம்மாதான் சொல்றாங்க என்று ஒரு வார்த்தை போதும். அத்தனை வருஷம் அக்கா ஒதுங்கி நின்ற நிழலே அந்த வாக்கியம்தான். சொல்லுங்க்கா, சொல்லித் தொலைங்க என்று என் மனசு அடித்துக்கொண்டது.

“இல்லீங்க. டாக்டரம்மா சரின்னுட்டாங்க. நான்தான் முடியாதுன்றேன்.”

“ஒங்கப்பன் அங்க நிக்கறான், தெரியுதா?”

“தெரியுதுங்க.”

“வாட் இஸ் ஹீ சேயிங்?” என்று டாக்டரம்மா பதறினார்.

“ஹீ டிஸக்ரீஸ் வித் மீ, டாக்டர்” என்றார் அக்கா. “அண்ட் ஐ டிஸக்ரீ வித் யூ.”

டாக்டரம்மாவின் முகம் கழுத்துவரை சிவந்தது. அவருடைய ஊரில்கூட யாரும் அவரிடம் அப்படி மொட்டையாகச் சொல்லியிருக்க மாட்டார்கள். அக்காவைப் பார்த்தார், அவர் சற்று முன் பார்த்துக்கொண்டிருந்த திசையைப் பார்த்தார். அந்தப் பாதங்கள் அப்போதுதான் அவர் கண்ணில் பட்டன. இளநீரைக் கீழே வைத்தார். யாரிடமும் எதுவும் கேட்காமல் நேரே களத்துக்குள் நடந்து போய், அந்தப் பெண்ணைக் கையைப் பிடித்துத் தூக்கி, தோளில் சாய்த்துக்கொண்டு வண்டிக்கு நடந்தார். வெள்ளைக்காரியை யார் தடுப்பது? ஆண்டை எழுந்து நின்றார், அவ்வளவுதான் அவரால் முடிந்தது. புருஷன் ஓடி வந்து தன் துண்டை மடித்து வண்டியில் தலைக்கு வைத்துவிட்டு, ஆண்டையை ஒரு பார்வை பார்த்து, மறுபடி கொல்லைக்குப் போனான். கிணற்றடியில் நின்ற பெரியவர் தலையைத் தூக்கவே இல்லை.

வழியெல்லாம் அக்கா அந்தப் பெண்ணின் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டு வந்தார்.  பாதி வழி தாண்டிய பிறகு அக்கா தனக்குத்தானே சொல்வது போல, “எங்கப்பாவ சும்மா வுட மாட்டாங்க” என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “கை வெக்கட்டும் பாக்கலாம்! போலீசு இருக்குது, கோர்ட்டு இருக்குது, நான் வர்றேன்.”

“சரிதாங்க கம்பவுண்டரே. ஆனா...” என்றார். அதற்கு மேல் அவருக்கு வரவில்லை. அந்த “ஆனா”வை முடிக்காமல் விட்டதை நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார்.

ஆண்டை கேட்ட எட்டு நாளுக்குள்ளேயே வலி கண்டுவிட்டது. தயாராக இருந்ததால் வயிற்றைக் கீறி எடுத்தார்கள். பெண் குழந்தை. தாயும் பிழைத்தாள். தியேட்டரை விட்டு வெளியே வந்த டாக்டரம்மா கையுறையைக்கூடக் கழற்றாமல் அக்காவிடம், “யூ வேர் ரைட், அண்ட் ஐ வாஸ் ராங்” என்றார். வெள்ளைக்காரர் ஒருவர் அதைத் துணைச் சொல் எதுவும் சேர்க்காமல் சொல்லி நான் கேட்டது அன்றைக்குத்தான். அக்கா முகத்தில் சந்தோஷம் இல்லை. ஆஸ்பத்திரி கேட்டையே பார்த்துக்கொண்டு இருந்தார்.

அந்த வாரக் கடைசியில், ஒரு மத்தியானம், அப்பா வந்தார். தலையில் ஒரு பானை, அதற்குள் இரண்டு துணி. அக்குளில் சுருட்டிய பாய். கிளியனூரிலிருந்து நடந்தே வந்திருக்கிறார். வேப்பமரத்தடியில் பானையை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்தார். நான் தண்ணீர் கொடுத்தேன். அக்கா வார்டிலிருந்து ஓடி வந்தவர் நாலடி தள்ளியே நின்றுவிட்டார்.

“ஊடு?” என்றார்.

“பிரிச்சிட்டாங்க.”

“அடிச்சாங்களாப்பா?”

அவர் தண்ணீரைக் குடித்து முடித்து, வாயைத் துடைத்துக்கொண்டார். அக்கா மண்ணில் உட்கார்ந்து அவர் காலைப் பிடித்துக்கொண்டார். “என்னாலதாம்ப்பா. என் வாயாலதான். ஒனக்கு இந்த வயசுல நிக்க எடம் இல்லாமப் பண்ணிட்டேன்.”

“எழுந்திரு” என்றார் அவர். “நான் அப்ப கெணத்தாண்ட நின்னுக்கினு இருந்தேன். மாடு வேற கத்திக்கினு இருந்துச்சி. சரியாக் காதுல உழல. நீ அவருகிட்ட இன்னா சொன்ன?”

“முடியாதுங்கன்னு சொன்னேம்ப்பா.”

“அப்படி அழுதுக்கினு இல்ல. நின்னு சொல்லு. அவருகிட்ட சொன்னாப்பலயே சொல்லு.”

அக்கா எழுந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். தலை முக்காடு சரிந்திருந்ததைச் சரி செய்தார். அப்பாவை நேராகப் பார்த்தார்.

“முடியாதுங்க.”

பெரியவர் மரத்தில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

“இன்னொரு வாட்டி சொல்லு” என்றார்.